தவணைக்கு லீவு

ஏப்ரல் 4

என் ஆபீஸர் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதில் நீ பாதியில் ஓட முடியாது.

ஊரடங்கு வந்ததும் கல்யாணம் எல்லாம் நின்றுபோயிற்று. கல்யாணம் இல்லையென்றால் என் நாற்காலிகளை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? குடோனைக் காலி செய்துவிட்டு இருநூறு நாற்காலியையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். கூடத்தில் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. அடுப்பங்கரைக்குப் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிறது. உன் மாமாவைக் கூப்பிட்டால் முதலில் குரல் வருகிறது, ஆள் சுற்றி வளைத்துக்கொண்டு பிறகு வந்து சேருகிறார்.

அத்தனையும் கடனில் வாங்கியது, உனக்குத் தெரியாதா? தவணைக்கு என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். நேற்று ஒரு செய்தி வந்து வயிற்றில் பால் வார்த்தது. தவணைக்கு லீவு விட்டுவிட்டார்களாம்! மூன்று மாதம் ஒருவரும் கட்ட வேண்டாமாம்! யோசனை சொன்ன மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நீயும் கடன் கொடுக்கும் ஆபீஸில்தானே இருக்கிறாய், உங்கள் பெரியவரிடம் என் நன்றியைச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடையில் எதையாவது தொட்டுவிட்டு மூக்கைத் தடவாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

உன் அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? நாற்காலியை நீ தூக்காதே, மாமாவைத் தூக்கச் சொல்.

லீவு விஷயத்தில் ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. லீவு தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை. வட்டி ஞாயிற்றுக்கிழமைகூட வேலை பார்க்கும். அதனால் கையில் வருவதில் கொஞ்சம் எடுத்துத் தனியாக வை. லீவு முடிந்து வரும்போது திண்டாட வேண்டாம்.

எனக்கென்ன குறை? ஆபீஸில் வேலை குறைச்சல், தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. வசூலுக்குப் போகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் பாடுதான் மோசம். அவருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு கொடுப்பார்கள், அதில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒருவரும் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு எங்கிருந்து வரும்? ஏதாவது முன்பணம் கிடைக்குமா என்று போன வாரம் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றதில் எனக்கு, அதாவது அவருக்கு, தலை சுற்றிவிட்டது.

சரி, ஊரில் நூறு பேர், நூறு கதை. நீ நிம்மதியாகத் தூங்கு. மாமாவை நாற்காலிகளுக்கு நடுவில் தொலைத்துவிடாதே.

தம்பி

மே 5

என் ஆபீஸர் தம்பிக்கு,

நலம்தானே? இங்கே நலம். முழங்கால் தேவலை. மாமாவும் கிடைத்துவிட்டார்.

வட்டி, வட்டி என்று பயமுறுத்துகிறாயே, நீ என் தம்பியா, கடன்காரன் தம்பியா? இருந்தாலும் நீ சொன்னதற்காக ஒரு டப்பாவில் போட்டு வருகிறேன். இரண்டு மருந்துக்கடைக்காரர்கள் ஆளுக்கு நாலு நாற்காலி வாடகைக்கு எடுத்தார்கள். அந்தக் காசுதான்.

உன் நண்பருக்காக என்னைக் கண்ணீர் விடச் சொல்கிறாயா? இங்கே எனக்கு ஒருத்தர் வாய்த்திருக்கிறார், கறுப்புக் கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் போதும், வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நிற்பார். நான் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். மாமா போய், "அவ வெளியே போயிருக்கா, வர லேட்டாகும்" என்பார். ஒரு தடவை அந்த மனுஷன் அசையவே இல்லை. "சரி சார், அப்போ திரைக்குக் கீழே தெரியுற அந்தக் கால்கிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மானம் கப்பலேறிவிட்டது!

நல்ல குடும்பத்துப் பிள்ளை பார்க்கிற வேலையா அது? அடுத்த வீட்டு வாசலில் நின்று ஆளைக் கூசவைப்பது? நீ உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாய் என்பதுதான் எனக்குப் பெருமை. தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடியிடமும் சொன்னேன், திரைக்குப் பின்னால் இருந்தபடியே.

இந்த லீவை இன்னும் ஒரு வருஷம் நீட்டச் சொல்லி உங்கள் பெரியவரிடம் கேள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. மாமா நலமா?

பெரியவரிடம் கேட்கிறேன். அதற்குள் லீவை ஆகஸ்ட் வரைக்கும் நீட்டிவிட்டார்களே, பார்த்தாயா?

நண்பர் கதையைச் சொன்னால் சிரிப்பாய், அதனால் சொல்கிறேன். கையில் காசில்லாமல் போனதும் அவர் வண்டியில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு காய்கறி விற்கக் கிளம்பினார். எந்தத் தெருவில் விற்பது? அவருக்குத் தெரிந்த தெருக்கள் வசூல் தெருக்கள்தான். அங்கே எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன தொழில் என்று அத்தனையும் அத்துப்படி. வண்டிச் சத்தம் கேட்டதுதான் தாமதம், ஒரு குழந்தை மாடியிலிருந்து, "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று கத்த, வரிசையாகக் கதவு சாத்தும் சத்தம். டிவி நின்றது. ஒரு வீட்டில் தாளித்துக்கொண்டிருந்த சத்தம்கூட நின்றுவிட்டது! "தக்காளி! வெங்காயம்!" என்று இவர் தொண்டை கிழியக் கத்துகிறார். உள்ளே ஒரு பெண் குரல் சொல்லுகிறது: "நம்பாதே, புதுசா ஏதோ தந்திரம் பண்றாரு."

தக்காளி அழுகி, மூன்று நாள் அவர் வீட்டில் தக்காளிதான் சாப்பாடு.

இன்னொரு கூத்து. இரண்டு மாத வாடகை பாக்கி. வீட்டு ஓனர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் அந்த வாடகைதான் வருமானம். ஜூலை முடிவதற்குள் தராவிட்டால் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஆகவே நண்பர் இப்போது தன் வாடிக்கையாளர்களிடம் கற்ற வித்தையை எல்லாம் வீட்டில் காட்டுகிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறுவது, விளக்கைப் போடாமல் உட்காருவது, எல்லாம். முந்தாநாள் ஓனர் மாடிக்கு வர, இவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஒளிந்த இடத்தில் விக்கல் வந்துவிட்டது. ஓனர் நின்று விக்கல் அடங்கும் வரை காத்திருந்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாராம்.

சிரித்தாயா? இங்கே சுகம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 8

தம்பி,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு விக்கலோடு சிரிப்பு நின்றுவிட்டது.

உன் நண்பர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா? தக்காளி இல்லாமல் வேறு ஏதாவது?

அவரிடம் ஒன்று சொல். நான் திரைக்குப் பின்னால் நிற்கிறவள், அங்கே நிற்பவர்களின் மனசு எனக்குத் தெரியும். வண்டிச் சத்தம் கேட்டாலே உள்ளே பகீர் என்கிறது, அதற்குப் பிறகு அவர் தேனை விற்றாலும் காதில் ஏறாது. தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகச் சொல். எதற்கு வந்தேன் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதி வண்டியில் மாட்டச் சொல். தக்காளியைப் பற்றி அப்புறம் பேசலாம். பணம் கேட்க வரவில்லை என்பதை முதலில் சொல்லட்டும்.

வீட்டு ஓனரிடமும் ஒளிய வேண்டாம் என்று சொல். ஒளிவது அவருக்கு வராது.

லீவை இன்னும் நீட்டச் சொல்லிப் பெரியவரிடம் கேட்காதே. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நீ இவ்வளவு சின்னக் கடிதம் எழுதினால் எனக்குக் கவலையாகிவிடுகிறது. உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?

உன் யோசனை பலித்துவிட்டது! நண்பர் ஓர் அட்டையில், "இன்று பணம் கேட்க வரவில்லை. காய்கறி மட்டும்" என்று எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பிளம்பர் வீட்டு ஜன்னல் கொஞ்சம் திறந்தது. பைப் வேலைக்கான மெஷின் வாங்கக் கடன் எடுத்தவர் அவர்.

"இன்று-ன்னு போட்டிருக்கே. நாளைக்கு?"

"நாளைக்கும் இல்லீங்க."

"எழுதிக் கொடு."

"என்னன்னு?"

"காய் வாங்கக் கதவைத் திறந்தா கடன் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்னு. கையெழுத்துப் போட்டுக் கொடு. இத்தனை நாள் நீ என்கிட்ட எத்தனை கையெழுத்து வாங்கியிருக்கே!"

இவர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியாக நீட்டினார். பிளம்பர் அதை இரண்டு முறை படித்துவிட்டு எதிர் வீட்டுப் பெயிண்டரிடம் காட்ட, அவர் தையல்காரம்மாவிடம் காட்ட, ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அன்றைக்குப் பெட்டி காலி.

ஒரே ஒரு கஷ்டம், பாதிப் பேர் கடன் சொல்லுகிறார்கள். "அடுத்த வாரம் தரேன்" என்கிறார்கள். அவர்களிடம் கண்டிப்பாகப் பேசிப் பழகின வாய், "பரவாயில்லை, முடிஞ்சப்போ குடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறது. வீட்டில் மனைவியிடம் நல்ல திட்டு.

மாமாவைக் கேட்டதாகச் சொல். உடம்பைக் கவனி.

தம்பி

ஜூலை 10

தம்பிக்கு,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வீணாகக் கவலைப்படாதே. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல், திட்டியது போதும் என்றும் சொல்.

இங்கே நடந்த வேடிக்கையைக் கேள். என் கடன் ஆபீஸிலிருந்தே ஆள் வந்தது. நான் பழக்க தோஷத்தில் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டேன். வந்தவர் பணம் கேட்கவில்லை, நாற்காலி கேட்டார்! லீவு உண்டா, வட்டி எவ்வளவு ஏறும் என்று கேட்க தினமும் ஆபீஸ் வாசலில் கூட்டமாம், ஆறடி தள்ளித் தள்ளி உட்காரவைக்க வேண்டுமாம். எண்பது நாற்காலி போயிற்று. கடன் வாங்கி வாங்கிய நாற்காலியில் கடன்காரர்களே உட்கார, கடன் கொடுத்தவனிடமே வாடகை வாங்குகிறேன். மாமா இரண்டு நாளாக அடுப்பங்கரைக்கு நேராக நடந்து போய் வருகிறார், அவருக்கு நம்பவே முடியவில்லை.

டப்பாவில் சேர்த்ததை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். உன் நண்பரின் வாடகைக்கு. மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்ளச் சொல்.

உன் அக்கா

ஜூலை 31

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்.

பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அது உன் தவணைப் பணம். செப்டம்பரில் கறுப்புக் கண்ணாடி உன் வாசலில் வந்து நிற்கும்போது நீ மறுபடியும் திரைக்குப் பின்னால் போகக் கூடாது. நீ இப்படிப் பணத்தை அனுப்பிவிடுவாய் என்று பயந்தும்தான் இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை.

அந்த நண்பர் நான்தான் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வசூல்தான். ஃபேன், ஆபீஸ் வேலை எல்லாம் நான் சொன்ன பொய். நீ என்னை வளர்த்துப் படிக்கவைத்து, தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் வாசலில் ஒருத்தர் நிற்கிற மாதிரி நானும் ஊரில் அத்தனை வாசலில் நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? லீவு வந்து நீ சந்தோஷப்பட்டபோது, அந்த லீவுதான் என் வீட்டில் உலை வைக்கவிடாமல் பண்ணுகிறது என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது சொல்லலாம், ஏனென்றால் வீடு தப்பித்தது. ஓனர் வீட்டு மேல்கூரையில் பைப் உடைந்து தண்ணீர் கொட்டியது. ஊரடங்கில் வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். நான் ஒளியாமல் நேராகப் போய் நின்று, "ஆள் நான் கூட்டிட்டு வரேன்" என்றேன். எந்தத் தெருவில் எந்தத் தொழிலாளி சும்மா இருக்கிறார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? காய்கறிக்கு எனக்குத் தர வேண்டியதை பிளம்பரும் பெயிண்டரும் வேலையாகச் செய்தார்கள். மீதிக் கூலியை ஓனர் அவர்களுக்குக் கொடுத்தார், என் பங்கை வாடகையில் கழித்துக்கொண்டார். பாக்கி கொஞ்சம்தான். "இனிமே அந்தச் செருப்பைக் காலிலேயே போட்டுக்கிட்டு ஏறுங்க, ராத்திரி திருடனோன்னு பயமா இருக்கு" என்றார்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு என்ன திட்டு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

ஆகஸ்ட் 9

அட அசடே,

நலமாக இரு.

உனக்கு ஐந்து வயதிலிருந்து ஒளிந்தால் விக்கல் வரும். அரிசி மூட்டைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், எங்கே ஒளிந்தாலும் நான் தேடவே வேண்டியதில்லை, நின்று காது கொடுத்தால் போதும். உலகத்தில் இன்னொருத்தனுக்கு அப்படி வரும் என்று நான் நம்ப வேண்டுமா? நண்பராம் நண்பர்!

உன் மே மாதக் கடிதத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி அழுதேன். நீ பொய் சொன்னாய் என்று இல்லை. "நல்ல குடும்பத்துப் பிள்ளை பார்க்கிற வேலையா" என்று என் கையாலேயே உனக்கு எழுதி அனுப்பினேனே, அதை நினைத்து. அதைப் படித்துவிட்டும் என்னைச் சிரிக்கவைக்கக் கதை எழுதினாயே, அதை நினைத்து. நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

திருப்பி அனுப்பிய பணம் வந்தது. டப்பாவில் போட்டுவிட்டேன், தொட மாட்டேன். ஆனால் இதைக் கேட்டுக்கொள்: இனிமேல் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் முதலில் எனக்குத்தான் தெரிய வேண்டும். தெரியாமல் வைத்தால் நேரில் வந்து காதைத் திருகுவேன், ஊரடங்காவது ஒன்றாவது.

உன் மனைவியிடம் கேள், நான் திட்டியது போதுமா, இன்னும் வேண்டுமா என்று.

உன் அக்கா

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். "இன்னும் வேண்டும்" என்கிறாள்.

லீவு முடிந்தது. ஆபீஸில் கூப்பிட்டு ரசீதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். காலையில் காய்கறி, மத்தியானம் வசூல் என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் அந்தத் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன், எந்த முகத்தோடு போவது?

குழந்தை மாடியிலிருந்து, "வந்துட்டாரு!" என்றது. கதவெல்லாம் திறந்தது. எல்லோர் கையிலும் பை! "இப்போ காய் இல்லீங்க, பழைய வேலை" என்று ரசீதுப் புத்தகத்தைக் காட்டினேன். பிளம்பர் உள்ளே போய்ப் பாதித் தவணையைக் கொண்டுவந்து கொடுத்தார். தையல்காரம்மா, "இந்த மாசம் சுத்தமா முடியாதுப்பா, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார்கள். அக்கா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்! அதை அப்படியே ஆபீஸில் சொல்லித் தவணையைப் பிரித்துக் கட்ட வழி கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது, கேட்காமல் விடப்போவதில்லை.

உன் வாசலுக்கு அவர் வந்தாரா? மாமா நலமா?

தம்பி

செப்டம்பர் 20

என் வசூல்காரத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். தெருவில் எல்லோரிடமும் உன் வேலையைச் சரியாகச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை கறுப்புக் கண்ணாடி வந்தார். மாமா பழக்கத்தில், "அவ வெளியே..." என்று ஆரம்பிக்க, நான் அவரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அந்த மனுஷன் திகைத்துப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருக்கிறார். சட்டை தொங்குகிறது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

வீடு நிறைய நாற்காலி வைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் அவரை ஒரு நாள் உட்காருங்கள் என்று சொன்னதில்லை தம்பி. ஒன்றை எடுத்து வாசலில் போட்டேன். "பரவாயில்லம்மா, நின்னே பழக்கம்" என்றார். அதட்டி உட்காரவைத்து டீ கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். சின்ன வயசுதான், உன் வயசுதான் இருக்கும்.

"இந்த ஆறு மாசம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஏதோ ஓடுச்சும்மா" என்றார். உன் சிரிப்பு அப்படித்தான் இருக்கும்.

"கூடப் பிறந்தவங்க யாராவது?"

"ஒரு அக்கா. வெளியூர்ல."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

டீயைப் பார்த்துக்கொண்டே, "பேங்க்ல கேஷியர்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

நான் உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தேன். மாட்டேன் என்று எழுந்தார். உன் கதை முழுவதையும் சொன்னேன், விக்கல் உட்பட. மறுபடி உட்கார்ந்துவிட்டார். இப்போது நான் இதை எழுதுகிற நேரத்தில் அவரும் எதிரில் எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டு வரி எழுதுவார், நிறுத்துவார், தெருவைப் பார்ப்பார். தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா